பதில் வருவதற்கு முன்பு

2023 மார்ச் 20, திங்கட்கிழமை. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்கு, தாங்கள் கேட்டே இராத கேள்விகளின் தலைப்புகள் பக்கவாட்டுப் பட்டியலில் தெரிந்தன. முகம் தெரியாத வேறு யாரோ நடத்திய உரையாடல்கள் அவை. ஓபன்ஏஐ நிறுவனம் சேவையை நிறுத்திவைத்துக் காரணம் தேடியது. நான்கு நாள் கழித்து அது வெளியிட்ட விளக்கத்தில் இதைவிடக் கனமான செய்தி இருந்தது. குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் பெயர், மின்னஞ்சல், பணம் செலுத்தும் முகவரி, கடன் அட்டையின் கடைசி நான்கு எண்கள், அட்டை காலாவதியாகும் தேதி ஆகியவை வேறொருவர் கண்ணில் பட்டிருக்கக்கூடும். அட்டையின் முழு எண் மட்டும் தப்பியது.

இதில் எந்த ஹேக்கரும் இல்லை. யாருடைய கடவுச்சொல்லும் களவு போகவில்லை. ரெடிஸ் என்பது ஒரு கேஷ், அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் இடம். அதிலிருந்து தகவலை எடுத்துக் கொடுக்கும், பைதான் நிரல்மொழிக்கான ஒரு நூலகம், கேட்டவர் பாதியில் விலகிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் தவறியிருந்தது. நிரல் எழுதுபவர்கள் இதைப் பேசிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் நம்முடைய பெயரும் முகவரியும் நாள்தோறும் இப்படிப்பட்ட கேஷ்கள் வழியாகத்தான் போய்வருகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே வழுக்குகின்றன என்பது நிரலாளர் அல்லாதவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

கேஷின் யோசனை நமக்குப் பழகியதுதான். பதினாறெட்டு எவ்வளவு என்று கேட்டால் நாம் பெருக்கிப் பார்ப்பதில்லை. வாய்ப்பாடு மனத்தில் இருக்கிறது. நூற்றிருபத்தெட்டு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இந்தப் பழக்கத்தைக் கணினி நிரலுக்கும் கற்றுத்தரலாம் என்று 1968இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் எடின்பரோவில் பணியாற்றிய டொனால்ட் மிக்கி. ஒருமுறை கண்ட விடையைக் குறித்துவைத்துக்கொண்டு, அதே கேள்வி திரும்ப வந்தால் குறிப்பைப் பார்த்துச் சொல்லும் ஃபங்ஷனுக்கு, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்துதரும் துண்டுக்கு, அவர் வைத்த பெயர் ‘மெமோ ஃபங்ஷன்’.

பைதானில் இந்த வசதி 2011இல் வந்த 3.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஃபங்ஷனுக்கு மேலே ‘எல்ஆர்யூ கேஷ்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எத்தனை விடைகள் என்று நாம் சொல்லாவிட்டால் 128 விடைகளை வைத்துக்கொள்ளும். இடம் நிறைந்துவிட்டால், அதிக நேரமாக யாரும் கேட்காத விடையை முதலில் வெளியேற்றும். கணக்குப் போடும் ஃபங்ஷனுக்கு இதைவிட எளிய மருந்து கிடையாது.

ஆனால் இணையச் செயலிகள் கணக்குப் போடுவதைவிடக் காத்திருப்பதே அதிகம். தரவுத்தளத்திடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். வேறொரு சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். டீக்கடை மாஸ்டர் பால் காயும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அதற்குள் கிளாஸைக் கழுவி வைத்து, வடிகட்டியில் தூளைப் போட்டு, ஒருவருக்குச் சில்லறையும் கொடுத்துவிடுகிறார். ஆள் ஒருவர்தான், எந்த வேலையும் தேங்குவதில்லை. பைதானில் இப்படி வேலை செய்வதற்கான அசிங்க்ஐஓ நூலகம் 2014இல் 3.4 பதிப்போடும், ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்ற சொற்கள் 2015இல் 3.5 பதிப்போடும் வந்தன. ‘அவெய்ட்’ என்று எழுதியிருக்கும் இடம், ‘இது வரும்வரை மற்றவர்களைக் கவனி’ என்று நிரல் வழிவிடும் இடம். அங்கே மட்டும்தான் வேலை கைமாறும், வேறு எங்கேயும் மாறாது. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

அசிங்க் ஃபங்ஷனை அழைத்தவுடன் கைக்கு வருவது விடை இல்லை. ‘கோரூட்டீன்’ என்ற ஒரு பொருள்தான் வரும். அன்னதானக் கூடத்து டோக்கன் மாதிரி அது. அதைக் கொடுத்து, காத்திருந்து, பிறகுதான் சாப்பாடு. பழைய எல்ஆர்யூ கேஷை இந்த ஃபங்ஷனின் தலையில் வைத்தால், சாப்பாட்டுக்குப் பதிலாக டோக்கனை எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. முதல் ஆள் டோக்கனைக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். அடுத்து வருபவர் கையில் கேஷ் திணிப்பது அதே கிழித்த டோக்கனை. ஏற்கெனவே அவெய்ட் செய்த கோரூட்டீனை மறுபடி பயன்படுத்த முடியாது என்று பைதான் பிழை காட்டி நின்றுவிடும். எழுதியவர் ஒரே முறை ஓட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும். இரண்டாவது அழைப்பில்தான் உடையும்.

சரி, விடை வரும்வரை காத்திருந்து, வந்தபிறகு சேமித்தால் என்ன? பெரும்பாலானோர் முதலில் இப்படித்தான் எழுதுகிறார்கள். கூட்டம் இல்லாதவரை இது ஓடும். ஒரு விடையைக் கண்டுபிடிக்க இரண்டு விநாடி ஆகிறது, அந்த இரண்டு விநாடிக்குள் அதே கேள்வியோடு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேருமே கேஷைத் திறந்து பார்ப்பார்கள், காலியாக இருக்கும், ஆயிரம் பேரும் தரவுத்தளத்தின் வாசலுக்கு ஓடுவார்கள். சுமையைக் குறைக்க வைத்த கேஷ், சுமை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இல்லாததற்குச் சமம்.

இந்த நெரிசல் எந்த அளவுக்குப் போகும் என்பதை 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக் கண்டது. கேஷில் இருக்கும் அமைப்பு மதிப்பு தவறானது என்று தெரிந்தால், அதை நீக்கிவிட்டு மூலத் தரவுத்தளத்திலிருந்து சரியானதை எடுத்துவரும் தானியங்கி ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. அன்று மூலத்தில் இருந்த மதிப்பே தவறானதாக மாறிவிட்டது. அதைக் கண்ட ஒவ்வொரு கணினியும் சரிசெய்யக் கிளம்ப, விநாடிக்கு லட்சக்கணக்கான கேள்விகள் தரவுத்தளங்களின் மேல் விழுந்தன. திணறிய தரவுத்தளம் பிழையைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பிழையையும் ‘தவறான மதிப்பு’ என்றே எடுத்துக்கொண்டு கணினிகள் கேஷை மறுபடி அழித்துவிட்டு மறுபடி கேட்டன. மூலக் கோளாறைத் திருத்திய பிறகும் இந்தச் சுழல் ஓயவில்லை. கடைசியில் தளத்தையே நிறுத்தி, தரவுத்தளத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, மக்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் பலரால் ஃபேஸ்புக்கைத் திறக்க முடியவில்லை.

இதற்கு மாற்று வழி அழகானது. விடை வந்தபிறகு சேமிக்காமல், ஒருவர் கேட்டவுடனேயே ‘கேட்டாயிற்று, வந்துகொண்டிருக்கிறது’ என்பதைச் சேமித்துவிட வேண்டும். பைதானில் இதற்கு ‘டாஸ்க்’ என்ற பொருள் இருக்கிறது. கோரூட்டீனை ஒரு டாஸ்க்கில் ஏற்றிவிட்டால் அது ஒருமுறைதான் ஓடும். ஆனால் எத்தனை பேர் வேண்டுமானாலும் அதன் முன் காத்திருக்கலாம். விடை வந்ததும் காத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும். பிறகு வருபவர்களுக்கும் அதே டாஸ்க் அந்த விடையைத் தயாராக வைத்திருக்கும். ஆயிரம் பேர் வந்தாலும் தரவுத்தளத்துக்குப் போவது ஒரே ஒரு கேள்வி.

கேஷில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், இல்லை என்று கண்டு டாஸ்க்கை அங்கே வைப்பதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிட மாட்டாரா? மாட்டார். நடுவில் அவெய்ட் இல்லை. அவெய்ட் இல்லாத இடத்தில் வேலை கைமாறாது என்பதுதான் விதி. பூட்டு, காவல் எதுவும் இல்லாமலே அந்த இரண்டு வரிகள் பாதுகாப்பாக இருக்கின்றன. அசிங்க் நிரலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆனால் பின்னாளில் யாராவது அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே, ‘முதலில் ரெடிஸைக் கேட்டுப் பார்ப்போமே’ என்று ஓர் அவெய்ட்டைச் செருகினால் பாதுகாப்பு போயிற்று. அதன்பிறகு ஒரே கேள்விக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம் என்று பூட்டுப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று, இதெல்லாம் ஒரே பிராசஸுக்குள் மட்டும்தான். பெரிய தளங்களில் ஒரே நிரல் பல பிராசஸ்களாக ஓடும். ஒன்றின் நினைவு மற்றொன்றுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாக ரெடிஸ் போன்ற ஒரு கேஷை வெளியே வைப்பது அதனால்தான்.

விடை எவ்வளவு நேரம் செல்லும் என்ற கேள்வி தனியானது. எல்ஆர்யூ கேஷுக்குக் காலாவதி என்ற கணக்கே கிடையாது; நேரத்தை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். நேரம் முடிந்ததும் பழைய விடையையே உடனடியாகக் கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதை எடுத்துவரச் சொல்லும் முறையும் உண்டு. இணையத்தில் இதற்கு 2010இலேயே ஆர்எஃப்சி 5861 என்ற ஆவணம் வந்துவிட்டது. வானிலைக்கு இது போதும். வங்கி இருப்புக்குக் கூடவே கூடாது.

அதிகம் தவறுவது தோல்வியைக் கையாளும் இடத்தில். தரவுத்தளம் ஒரே ஒரு விநாடி முடங்குகிறது, அந்த விநாடியில் டாஸ்க் போய்ப் பிழையோடு திரும்புகிறது என்றால், டாஸ்க் அந்தப் பிழையையும் விடையைப் போலவே நினைவில் வைத்துக்கொள்ளும். தரவுத்தளம் மீண்டு எழுந்த பிறகும், வருபவர்களுக்கெல்லாம் அந்தப் பழைய பிழையே பதிலாகப் போய்க்கொண்டிருக்கும். தோற்ற டாஸ்க்கைக் கேஷிலிருந்து எடுத்துப் போடும் வரியை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

அதைவிடப் பொல்லாதது ரத்து. முதலில் கேட்டவர் பொறுமையிழந்து பிரவுசரை மூடிவிட்டார். அல்லது ஐந்து விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்ற வரம்பு முடிந்துவிட்டது. அவருக்கான வேலையை நிரல் ரத்து செய்கிறது. அவர் ஒரு டாஸ்க்கின் முன் நேரடியாகக் காத்திருந்தால், ரத்து அந்த டாஸ்க்குக்குள்ளும் இறங்கி அதையும் கொன்றுவிடும். அதே டாஸ்க்கை நம்பிப் பின்னால் நிற்கும் 999 பேருக்கும் ‘ரத்து’ என்ற செய்திதான் கிடைக்கும், அவர்கள் யாரும் எதையும் ரத்து செய்யாதபோதும். இதைத் தடுக்க அசிங்க்ஐஓவில் ‘ஷீல்ட்’ என்ற கவசம் உண்டு. அதன் வழியாகக் காத்திருந்தால், விலகுபவர் மட்டும் விலகுவார், வேலை நிற்காது.

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. 2019இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து ரத்து என்பது சாதாரணப் பிழைகளின் குடும்பத்தில் இல்லை. ‘எந்தப் பிழை வந்தாலும் கேஷிலிருந்து நீக்கு’ என்று ‘எக்செப்ஷன்’ என்ற சொல்லைப் போட்டு எழுதியிருந்தால் ரத்து அந்த வலையில் சிக்காது. செத்த டாஸ்க் கேஷிலேயே கிடக்கும்.

சாட்ஜிபிடியில் நடந்ததும் ரத்தின் விளைவுதான், ஆனால் வேறொரு மட்டத்தில். ரெடிஸோடு பேசும் ஓர் இணைப்பை ஹோட்டலின் பார்சல் கவுண்டராக நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஆர்டர் போன வரிசையிலேயே பொட்டலங்கள் வரும். முதலில் கேட்டவருக்கு முதல் பொட்டலம். ஒருவர் மசால் தோசைக்குச் சொல்லிவிட்டு, பொட்டலம் வருவதற்குள் கிளம்பிப் போய்விடுகிறார். அவர் போனதைக் கவுண்டர் கவனிக்கவில்லை. அடுத்து வந்து இட்லி கேட்டவரின் கைக்கு மசால் தோசை வருகிறது. அவருடைய இட்லி அதற்கும் அடுத்தவருக்கு. ஒரு ஆள் விலகியதால் வரிசை முழுவதும் ஒரு படி நழுவிவிட்டது.

பெரும்பாலான சமயங்களில், கேட்டதும் வந்ததும் வேறு வேறு வகைத் தகவல்களாக இருந்ததால் நிரல் பிழை காட்டி நின்றது. இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட்டபோது நிரலுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. ஒருவரின் விவரத்தைக் கேட்டது, ஒருவரின் விவரம் வந்தது, ஆனால் ஆள் வேறு. பசிபிக் நேரப்படி மார்ச் 20 அதிகாலை 1 மணிக்கு ஓபன்ஏஐ சர்வரில் செய்த ஒரு மாற்றம், இப்படிப் பாதியில் ரத்தாகும் வேண்டுகோள்களைத் திடீரெனப் பெருக்கியது. அதுவரை நூலகத்துக்குள் ஒளிந்திருந்த பிழை அப்போதுதான் வெளியே வந்தது. மார்ச் மாதம் முடிவதற்குள் இத்தாலியின் தனியுரிமைப் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கசிவையும் ஒரு காரணமாகச் சொல்லி அங்கே சாட்ஜிபிடியைத் தற்காலிகமாகத் தடுத்தது. ஏப்ரல் கடைசியில்தான் சேவை திரும்பியது.

நூலகத்தின் 4.5.3 பதிப்பில் திருத்தம் வந்தது. அது எல்லா ஓட்டைகளையும் அடைக்கவில்லை என்று தெரிந்து இரண்டாவது பாதுகாப்பு எச்சரிக்கையும், கூடவே 4.5.4 பதிப்பும் வந்தன. திருத்தத்தின் சாரம் இதுதான்: பதில் வருவதற்குள் கேட்டவர் விலகிவிட்டால் அந்த இணைப்பை இன்னொருவருக்குக் கொடுக்காதே, துண்டித்துவிடு. புது இணைப்புக்குச் சில மில்லிவிநாடி கூடுதலாகச் செலவாகலாம்.

ஓபன்ஏஐ தன் பக்கத்திலும் ஒரு சோதனையைச் சேர்த்தது. கேஷிலிருந்து வரும் தகவல், கேட்டவருக்கு உரியதுதானா என்று ஒவ்வொரு முறையும் கூடுதலாகச் சரிபார்ப்பது. பொட்டலத்தின் மேல் பெயரை எழுதி, கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது.