காசு கொடுத்த பிறகும் விளம்பரம்

விண்டோஸ் கணினியைத் திறந்ததும் பலரும் முதலில் தொடும் இடம் ஸ்டார்ட் மெனு. 2024 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அங்கேயும் விளம்பரத்தை நுழைத்தது. விண்டோஸ் 11-இன் பரிந்துரைப் பகுதியில், யாரும் தேடாத செயலிகள் வந்து உட்கார்ந்தன. விண்டோஸ் இலவசம் அல்ல. புதுக் கணினி வாங்குபவர் தரும் விலையிலேயே அதன் உரிமக் கட்டணமும் பொதுவாக அடங்கியிருக்கும். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதற்குள் ஸ்டார்ட் என்று போய்த் தேடினால் இதை நிறுத்தலாம். கேட்காமல் திணித்ததை அகற்றும் வேலை மட்டும் வாடிக்கையாளர் தலையில் விழுவது அநியாயம்.

பிரைம் வீடியோவும் இதே வழியில் போனது. 2025 ஜூனில் இந்தியச் சந்தாதாரர்களுக்கு விளம்பரங்கள் தொடங்கின. அவை வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அப்போது சொல்லப்பட்டது.

முறையிடப் போனால் பல இடங்களில் பதில் சொல்வது சாட்பாட்தான். ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அதன் பேச்சுக்குத் தான் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பாயம் அந்த வாதத்தை நிராகரித்து, இழப்பீடு தரச் சொன்னது.

இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. விடாமல் நச்சரிப்பதும், விளம்பரத்தை வேறு உள்ளடக்கம்போல் காட்டுவதும் அவற்றில் உண்டு. திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.