மறையும் புள்ளிகள் தரும் தகவல்

புரதங்களைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி, அவற்றைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்துக் கரைசலிலோ படிகத்திலோ வைத்துப் பார்த்துக் கிடைத்தது. செல்லுக்குள் அந்தத் தனிமை கிடையாது. ஈ.கோலை பாக்டீரியாவின் உட்பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் புரதமும் நியூக்ளிக் அமிலமும் அடைந்து கிடக்கின்றன. அந்த நெரிசலில் ஒரு குறிப்பிட்ட புரதம் எதனோடு உரசுகிறது, எதனோடு ஒட்டுகிறது என்பதைச் செல்லைக் கொல்லாமல் பார்க்க முடியுமா?

முடியும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வே இதற்கும் வழி. 2001இல் கலிஃபோர்னியாவில் ஃபோல்கர் டோட்ச் குழுவினர் இதைச் செய்துகாட்டினார்கள். இயற்கை நைட்ரஜனில் நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பு அரை விழுக்காடுகூட இல்லை. பாக்டீரியாவுக்கு அதையே உணவாகக் கொடுத்து, வேண்டிய ஒரு புரதத்தை மட்டும் மிகுதியாகத் தயாரிக்கத் தூண்டினால், அந்தப் புரதம் அடையாளத்தோடு பிறக்கிறது. நைட்ரஜன்-15ஐப் பற்றியிருக்கும் ஹைட்ரஜனை மட்டும் கருவி கவனிக்கும். சுற்றியுள்ள புரதக் கூட்டம் பெரும்பாலும் அதன் பார்வையில் படாது.

திரையில் தெரிபவை வெறும் புள்ளிகள். ஏறத்தாழ ஓர் அமினோ அமிலத்துக்கு ஒன்று. வேறொரு மூலக்கூறு வந்து பிணைந்தால், தொட்ட இடத்துப் புள்ளிகள் நகரும். எவை நகர்ந்தன என்று பார்த்தாலே புரதத்தின் எந்தப் பக்கம் தொடப்பட்டது என்று தெரிந்துவிடும். எனக்குப் பெரிய வியப்பு இதற்கு அடுத்தது. பெரிய துணையோடு ஒட்டிய புரதம் மெதுவாகவே சுழலும். சுழற்சி குறையக் குறையப் புள்ளி பரவி, மங்கி, காணாமலே போகும். அப்படிக் காணாமல் போவதே பிணைப்புக்குச் சான்று.

பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை செல்களில் திரண்டு படிவது ஆல்ஃபா சைனூக்ளீன் என்னும் புரதம். பெர்லினில் ஃபிலிப் செலென்கோ குழுவினர், மின் துடிப்பால் செல் சவ்வில் கணநேரம் துளை திறந்து, அதைப் பாலூட்டி செல்களுக்குள் செலுத்தி, இதே முறையில் பார்த்தார்கள். நிலையான மடிப்பு எதுவுமின்றி அது உள்ளேயும் தளர்ந்த இழையாகவே இருந்தது. ஆனால், திரளுவதற்குக் காரணமான நடுப்பகுதியை மறைத்துக்கொண்டு சற்றே சுருண்டிருந்தது. 2016இல் வெளிவந்த இந்த முடிவை உயிருள்ள செல்லுக்குள் பார்த்ததால்தான் உறுதிசெய்ய முடிந்தது.

முறைக்குக் குறையும் உண்டு. குழாயில் நெருக்கி அடைத்த செல்களுக்கு ஆக்ஸிஜன் விரைவில் தீர்ந்துவிடும். இறக்கும் செல்லிலிருந்து புரதம் கசிந்தால், தெளிவாகத் தெரியும் புள்ளிகள் வெளிநீரில் மிதக்கும் புரதத்தின் புள்ளிகளாக இருக்கலாம். அதனால் அளவீடு முடிந்ததும் செல்களைச் சுழற்றிப் படியவைத்து, மேலே நிற்கும் நீரைத் தனியாக அளக்கிறார்கள். அதிலும் அதே புள்ளிகள் வந்தால் அந்தச் சோதனை செல்லாது.