ஒளியிழையின் கடன் கணக்கு

திருவேட்டக்குடியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் ஒரே கண்ணாடி இழையைப் பதித்து, இடையில் எந்தக் கருவியும் வைக்காமல், இங்கிருந்து லேசர் ஒளியைச் செலுத்தினால் சென்னையில் எவ்வளவு கிடைக்கும்? இன்றைய தரமான இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு என்று கொண்டால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சொற்பம்தான். ஆனால் 1960களில் கிடைத்த கண்ணாடியாக இருந்தால், முதல் 20 மீட்டருக்குள்ளேயே நூற்றில் 99 பங்கு ஒளி தொலைந்துவிடும். காரைக்கால் எல்லையைத் தாண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போகும் வழியில் உள்ள இந்தக் கடலோர ஊரை, சம்பந்தர் பாடிய தலம் என்ற வகையில் பலர் அறிவார்கள். 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி என்.ஐ.டி. இருப்பதும் இங்கேதான். மின்னணுவியல் படிக்கும் எந்த மாணவரும் மேலே உள்ள டெசிபல் கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். கிலோமீட்டருக்கு ஆயிரம் டெசிபலாக இருந்த இழப்பு 0.2 ஆனது யார் யாருடைய உழைப்பால் என்று கேட்டால் பாடப்புத்தகம் ஓரிரு பெயர்களோடு நின்றுவிடும். மீதிப் பெயர்களைத் தேட ஓர் இடம் உண்டு: ஆய்வு மாநாடுகளின் பரிசு மேடை.

ஒளியிழைத் தகவல்தொடர்புக்கான மாநாடுகளில் ஓ.எஃப்.சி. முதன்மையானது. 1975இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க் நகரில் சிறிய கூட்டமாகத் தொடங்கிய அது, 2025இல் சான் பிரான்சிஸ்கோவில் பொன்விழா கண்டது. அங்கே வழங்கப்படும் பெரிய விருது ஜான் டிண்டால் விருது. 1987இல் அதை முதலில் பெற்றவர் கார்னிங் நிறுவனத்தின் ராபர்ட் மாரர். விருது பெற்றவர்களின் தகுதியில் ஐயமில்லை. விருதின் பெயரில்தான் ஒரு சிக்கல்.

முகவரி மாறிப்போன புகழ்

கண்ணாடியிலோ நீரிலோ செல்லும் ஒளி, தான் செல்லும் ஊடகத்தைவிட ஒளிவிலகல் எண் குறைந்த இன்னோர் ஊடகத்தின் எல்லையில் மிகச் சாய்வாகப் போய் மோதினால் வெளியேற முடியாது; முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இதுதான் முழு அக எதிரொளிப்பு. வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் வளைந்து போவதை 1854இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் செய்துகாட்டியவர் டிண்டால். ஒளியிழையின் கதையை அவரிடமிருந்து தொடங்குவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

உண்மையில் ஜெனிவாவைச் சேர்ந்த டேனியல் கொலடோன் அதை 1841இலேயே செய்துவிட்டார். நீர்த்தாரை எப்படிப் பிரிகிறது என்பதை அரங்கில் இருந்தவர்களுக்குக் காட்ட நினைத்துத் தாரைக்குள் ஒளியைப் பாய்ச்சினார். ஒளி நீரோடு சேர்ந்து வளைந்தது. மறு ஆண்டே அதை அச்சிலும் வெளியிட்டார். டிண்டாலுக்கு இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபாரடே. கைமாறிய வழியில் கொலடோனின் பெயர் உதிர்ந்துபோனது. வாயுக்கள் வெப்பக் கதிரை உறிஞ்சுவதை அளந்து பருவநிலை அறிவியலுக்கு அடித்தளம் இட்டவர் டிண்டால். அவர் புகழுக்கு நீர்த்தாரை தேவையே இல்லை. ஒளியிழையின் வரலாற்றை எழுதிய ஜெஃப் ஹெக்ட் பழைய ஏடுகளைப் புரட்டி கொலடோனை மீட்டுக் கொண்டுவந்தார். அதற்குள் விருதுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

பஞ்சாபிலிருந்து ஒருவர்

1954 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குறிப்புகள் வந்தன. ஒன்று நெதர்லாந்தின் வான் ஹீல் எழுதியது. மற்றொன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹரால்ட் ஹாப்கின்ஸும் அவருடைய மாணவர் நரிந்தர் சிங் கபானியும் எழுதியது. மெல்லிய இழைகளைக் கற்றையாகக் கட்டி ஒரு படத்தை மறுமுனைக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டும் சொல்லின. வான் ஹீலின் குறிப்பில் கூடுதலாக ஒன்று இருந்தது: இழைக்கு உறை. வெற்று இழை பக்கத்து இழையைத் தொட்டாலும், எண்ணெய்ப் பிசுக்குப் பட்டாலும் ஒளி கசியும். ஒளிவிலகல் எண் குறைந்த உறை ஒன்றைப் போர்த்திவிட்டால், எதிரொளிப்பு நடக்கும் எல்லை பத்திரமாக உள்ளேயே இருக்கும். இன்று பூமிக்கடியிலும் கடலடியிலும் கிடக்கும் ஒவ்வோர் இழையிலும் இந்த உள்ளகமும் உறையும் உண்டு.

பஞ்சாபின் மோகாவில் 1926இல் பிறந்த கபானி, பின்னர் அமெரிக்காவில் இந்தத் துறையை வளர்த்தார். அதற்குப் பெயர் சூட்டிப் பரவலாக்கியவரும் அவரே. 2020 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

அழுக்கு எங்கே இருக்கிறது?

உடலுக்குள் பார்க்கும் குழாய்க்கு ஒரு மீட்டர் இழை போதும். ஊர்விட்டு ஊர் பேச அது உதவாது என்றே பலரும் நினைத்தார்கள். இங்கிலாந்தின் ஹார்லோவில் ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ் கேள்வியை மாற்றிக் கேட்டார்: ஒளியை விழுங்குவது கண்ணாடியா, கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பு, செம்பு போன்ற அழுக்குகளா? அழுக்குதான் என்றால் அதை நீக்கலாமே. 1966இல் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் வெளியிட்ட கட்டுரை ஓர் இலக்கை வைத்தது: கிலோமீட்டருக்கு 20 டெசிபல், அதாவது ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால்கூட வணிக அளவில் பயன்படுத்தலாம். 1970இல் கார்னிங்கின் மாரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் 17 டெசிபலை எட்டினார்கள்.

2009இல் இயற்பியல் நோபலின் பாதி காவுக்குக் கிடைத்தது. மறுபாதி, கேமராவுக்குள் இருக்கும் சி.சி.டி. உணரியைக் கண்டவர்களுக்கு. காவ் அப்போது அல்ஸைமர் நோயால் நினைவிழந்து வந்தார். ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை வாசித்தவர் மனைவி க்வென் காவ். ஹாக்கம் அப்போது உயிரோடு இருந்தார். இழையைச் செய்துகாட்டிய கார்னிங் மூவரும்தான். ஒரு நோபலை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. ஒரு துறையை உருவாக்க மூன்று பேர் போதுமானதாக எப்போதும் இருந்ததில்லை.

திருவானைக்காவல் தந்த ஒளி

இந்தக் கதையில் காவிரிக்கும் பங்குண்டு. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன் 1928இல் கண்டது இது: பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் மிகச் சிறு பகுதி, அப்பொருளின் மூலக்கூறு அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறுகிறது. அன்று அது பொருள்களை ஆராயும் வழியாகவே பார்க்கப்பட்டது. 1973இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ரோஜர் ஸ்டோலனும் எரிக் இப்பனும் அதே விளைவு கண்ணாடி இழைக்குள் ஒளியைப் பெருக்குவதைக் காட்டினார்கள். செய்தி சுமக்கும் ஒளியின் அலைநீளம் 1,550 நானோமீட்டர் என்றால், சுமார் 1,450 நானோமீட்டரில் வலிமையான இன்னொரு லேசரையும் இழைக்குள் அனுப்ப வேண்டும். கண்ணாடியின் அதிர்வு வழியாக இரண்டாவது ஒளியின் ஆற்றல் முதல் ஒளிக்குச் சேரும். ஓரங்குலத்தில் புலப்படாத இந்த விளைவு, பல கிலோமீட்டர் நீளத்தில் சேர்ந்து பெரிதாகிறது, இழையே பெருக்கியாகிவிடுகிறது. நெடுந்தூர இணைப்புகளில் ராமன் பெருக்கி இன்று வழக்கமான கருவி.

இங்கும் அதே கேள்வி எழுகிறது. 1928இல் ‘நேச்சர்’ இதழில் வந்த குறிப்பில் ராமனோடு, வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் பெயரும் இருந்தது. 1930 நோபல் ராமனுக்கு மட்டும். ஆனால் ராமனின் நோபல் உரையை எடுத்துப் படித்தால், ராமநாதன், வெங்கடேஸ்வரன், கிருஷ்ணன் ஆகியோரின் சோதனைகள் பெயரோடு வருகின்றன. பதக்கத்தில் கொள்ளாதது உரையில் கொண்டது.

மேடைக்கு வராத செய்தி

மாநாட்டின் அருமை பரிசோடு முடிவதில்லை. முதல் டிண்டால் விருது அளிக்கப்பட்ட அதே 1987இல், ரீனோ நகரில் நடந்த ஓ.எஃப்.சி.யில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெய்ன் குழு எர்பியம் கலந்த இழைப் பெருக்கி பற்றிக் கட்டுரை படித்தது. அதுவரை ஒளி மங்கும் இடங்களில் அதை மின்சாரமாக்கி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்கி அனுப்பினார்கள். ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனிக் கருவி. எர்பியம் இழை ஒளியை ஒளியாகவே பெருக்கியது. பல அலைநீளங்களையும் ஒரே நேரத்தில் பெருக்கியது. ஒரே இழையில் பல நிறங்களில் பல செய்திகளை அனுப்பும் முறை இதனால்தான் கட்டுப்படியாயிற்று. 2020 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளும் இந்த வழியில் வந்ததே.

பெருக்கியையும் பல நிற முறையையும் இணைத்து நடைமுறைக்குக் கொண்டுவர அமெரிக்காவில் முன்னின்றவர்களில் ஒருவர், சீனாவில் பிறந்த டிங்யே லீ. டிண்டால் விருதும் பெற்றவர். 2012 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு, அவர் பெயரில் ஒரு புதுமைப் பரிசு ஏற்பட்டது. அதைப் பெறுபவர்கள் மூத்தவர்கள் அல்லர். ஆய்வில் புதிதாகக் கால்வைத்த இளைஞர்கள். நினைவுகூரலில் எனக்கு மிகவும் சரியாகப் படுவது இந்த முறைதான். சிலை கடந்ததைப் பார்க்கும். இளையவருக்குத் தரும் பரிசு வேலையைத் தொடரச் சொல்லும்.

திருவேட்டக்குடியில் படிக்கும் ஒருவர் ஓ.எஃப்.சி. மேடையில் ஏறலாம், ஏறாமலும் போகலாம். இந்தியாவிலேயே ஒளியிழை, ஒளியணுவியலுக்கான பன்னாட்டு மாநாடு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. 2012இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்தது. எந்த மேடையானாலும், கட்டுரை எழுதும் ஒவ்வொருவர் கையிலும் சிறிய விருது ஒன்று இருக்கிறது: கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல். அதற்கு மூன்று பேர் என்ற வரம்பு இல்லை. இறந்தவர்களுக்கு இடமில்லை என்ற விதியும் இல்லை. பலர் அதை முந்தைய கட்டுரையிலிருந்து அப்படியே நகலெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கொலடோனின் பெயர் மறைந்தது அப்படிப்பட்ட அசட்டையால்தான். ஒருவர் மூல ஏட்டைத் திறந்து படித்ததால்தான் அவர் திரும்பவும் கிடைத்தார். எனவே மாணவர்களுக்கு ஒரு யோசனை: அடுத்த கட்டுரையில் ஒரு பெயரைச் சேர்ப்பதற்கு முன், அவர் எழுதியதை ஒரு முறையாவது படியுங்கள். அவர் யாரிடம் கடன்பட்டார் என்று அதிலேயே எழுதியிருப்பார்.