ஸ்பிட்ஃபயருக்கு எத்தனை குப்பி பெயின்ட்?

1940 மே மாதம் பறந்த ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை 1/72 அளவு மாடலாகச் செய்ய, குறைந்தது 4 குப்பி பெயின்ட் வேண்டும். ஜூலையில் பறந்ததென்றால் 3 போதும். 1941 ஜனவரிக்கு மறுபடி 4. அதே ஆண்டு செப்டம்பருக்கு 5. நிறம் தேடுகிறவர்கள் பலரும் சாயல் கொஞ்சம் கூடுதலா குறைவா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கைக்காசு கரைவது தேதியில்.

கணக்கு இதுதான். மேலே டார்க் எர்த் என்ற மண்பழுப்பும் டார்க் கிரீனும். அடிப்பக்கம் ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வெள்ளை. ஆக 4. 1940 ஜூனில் அந்தக் கறுப்பு வெள்ளையை எடுத்துவிட்டு, ஸ்கை என்ற வெளிர்பச்சையை அடித்தார்கள். வேவுப் படம் எடுக்கும் விமானங்களுக்காக சிட்னி காட்டன் உருவாக்கிய நிறத்திலிருந்து வந்தது அது. நவம்பர் கடைசியில் இடது இறக்கையின் அடியில் மட்டும் கறுப்பு திரும்பி வந்தது. வால்பக்கம் 18 அங்குல அகலத்தில் ஸ்கை பட்டையும் சேர்ந்தது. 1941 ஏப்ரலில் கறுப்பு போயிற்று. ஆகஸ்டில் மண்பழுப்பும் போய் ஓஷன் கிரே வந்தது. அடிப்பக்கம் மீடியம் சீ கிரே, இறக்கை முன்விளிம்பில் மஞ்சள். பட்டைக்கு ஸ்கை அப்படியே நீடித்தது. சுமார் 15 மாதத்தில் நாலு மாற்றம்.

இனி அளவு. ஸ்பிட்ஃபயரின் இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 22.5 சதுர மீட்டர். 72-ஐ 72-ஆல் பெருக்கினால் 5,184. அதால் வகுத்தால் 43 சதுர செ.மீ. இறக்கையின் மேல், கீழ், உடல், வால் எல்லாம் சேர்த்து நாலு மடங்கு என்று தோராயமாக வைத்தால் 175 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காய்ந்த பெயின்ட் 0.05 மி.மீ. தடிமன் என்றால் 0.9 மி.லி. ஈரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காய்ந்து நிற்கும் என்று கொண்டால் 2.6 மி.லி. ஏர்பிரஷ்ஷில் பாதி காற்றோடு போகும். ஆக 5 மி.லி. டமியா, மிஸ்டர் கலர் குப்பிகள் 10 மி.லி., ஹம்ப்ரால் டப்பா 14 மி.லி. மூன்று நிறத்துக்கு 30 மி.லி. வாங்கி 25 மி.லி. மிச்சம் வைக்கிறோம். குப்பி 300 ரூபாய் என்று வையுங்கள்: செலவு 900, மாடல்மேல் ஒட்டுவதும் காற்றில் போவதும் சேர்த்து 150. லிட்டர் கணக்கில் 30,000 ரூபாய். வீட்டுக் கதவுக்கு அடிக்கிற எனாமல் சில நூறுதான். தேதியைத் தவறாகப் பிடித்து இரண்டு நிறத்தை மறுபடி வாங்கினால் இன்னொரு 600.

சாயலைத் துல்லியமாகப் பிடிக்கத் துடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1941-இல் ஓஷன் கிரே வந்து சேராத தளங்களில் மீடியம் சீ கிரே 7 பங்கு, கறுப்பு 1 பங்கு கலந்து அடிக்கச் சொல்லி உத்தரவே இருந்தது. வாளியில் கலக்கிய நிறத்துக்கு எந்த நிற அட்டை ஆதாரம்? நாமும் அதே 7:1-இல் கலக்கலாம், கறுப்பு ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு குப்பி மிச்சம்.

எண்களிலும் உஷாராக இருக்க வேண்டும். டார்க் எர்த் 450, டார்க் கிரீன் 641, ஸ்கை 210 என்பவை பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் தர எண்கள். 34079 போன்ற ஐந்து இலக்க எண் அமெரிக்காவின் எஃப்எஸ் 595: முதல் 3 என்றால் பளபளப்பில்லாதது, அடுத்த 4 என்றால் பச்சை. அந்தத் தரம் வெளியானதே 1956-இல். 1940 விமானத்துக்கு அதில் எண் சொன்னால், கிட்டத்தட்ட என்றுதான் பொருள். ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தின் பெயரில் 1976-இல் வந்த நூலில் நிற மாதிரித் துண்டுகளே உண்டு. அதையும் டியூப்லைட் அடியில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.

தேதியைக் கறுப்பு வெள்ளைப் படமே சொல்லிவிடும். வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் 1940 மே மாதமோ அதற்குப் பிறகோ. (சில பழைய ஃபிலிம்களில் மஞ்சள் கறுப்பாக விழும், ஏமாற வேண்டாம்.) வால் துடுப்பில் 24-க்கு 27 அங்குலக் கொடிக்கோடு என்றால் ஆகஸ்ட் முதல். பட்டை இருந்தால் நவம்பருக்குப் பின். அந்த 18 அங்குலம் 1/72-இல் 6.35 மி.மீ.; முதலில் ஸ்கை அடித்து, கடையில் கிடைக்கும் 6 மி.மீ. மாஸ்கிங் டேப்பை மேலே ஒட்டினால், நிஜ விமானத்தில் 17 அங்குலம் ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, விடலாம்.

படத்தைப் பார்த்து மாதத்தை முடிவு செய்தபிறகு கடைக்குப் போங்கள். டார்க் கிரீன் மட்டும் நாலு தேதிக்கும் வேண்டும். அதை இப்போதே வாங்கி வைக்கலாம்.