நிலைவட்டில் ஏது வரப்பு?

கணிப்பொறித் திரையில் ‘சி’, ‘டி’, ‘ஈ’ என மூன்று டிரைவ்கள் தெரிகின்றன. பெட்டியைத் திறந்து பார்த்தாலோ, உள்ளே இருப்பது ஒரே ஒரு நிலைவட்டு. ஒன்று மூன்றானது எப்படி? வட்டின் நடுவே தடுப்பு ஏதேனும் வைத்திருக்கிறார்களா?

தடுப்பு எதுவும் இல்லை. வயலைப் பாகம் பிரித்தால் பத்திரத்தில் எழுதுவார்கள், வரப்பும் போடுவார்கள். வட்டில் வரப்பு கிடையாது. பத்திரம் மட்டுமே உண்டு. இதைப் புரிந்துகொண்டால், பிரிவுகளை அமைக்கும் கட்டளைகளில் எது கோப்புகளை அழிக்கும், எது அழிக்காது என்பது தானாகவே விளங்கும்.

நிலைவட்டு முழுவதும் செக்டர்கள் என்னும் சிறு கூறுகளாக எண்ணிடப்பட்டிருக்கிறது. வழக்கமாக ஒரு செக்டரில் 512 பைட்டுகள் அடங்கும். எண்ணிக்கை 0 இல் தொடங்குகிறது. பழைய முறையில் அந்த 0 ஆம் செக்டர்தான் நாம் சொன்ன பத்திரம். அதன் முதல் 446 பைட்டுகள், கணிப்பொறியைத் தொடக்கி வைக்கும் சிறு நிரலுக்கு உரியவை. அடுத்த 64 பைட்டுகள் பிரிவு அட்டவணை. கடைசி 2 பைட்டுகள் முத்திரை போன்றவை.

அட்டவணையில் நான்கே வரிகள். வரிக்கு 16 பைட்டுகள். பிரிவு எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், அது எந்த வகையைச் சேர்ந்தது என்பவையே வரியிலுள்ள முக்கியச் செய்திகள். எடுத்துக்காட்டாக, தொடக்கம் 2048, நீளம் 2,04,800 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். நீளத்தை 512 ஆல் பெருக்கினால் 10,48,57,600 பைட்டுகள். கணிப்பொறிக் கணக்கில் இது சரியாக 100 மெகாபைட். இந்தப் பிரிவு 2,06,847 ஆம் செக்டரில் முடிகிறது; அடுத்தது 2,06,848 இல் தொடங்கலாம்.

ஒவ்வொரு வரியிலும் 6 பைட்டுகள் இன்று வீணாகவே கிடக்கின்றன. அந்நாளில் இடத்தைக் குறிக்க வட்டின் தடம், படிக்கும் தலை, செக்டர் ஆகிய மூன்று எண்களை எழுதினார்கள். அம்முறையில் ஏறத்தாழ 8.4 ஜிகாபைட்டுக்கு மேல் எண்ண இயலாது. நம் உடலில் குடல்வால் இருப்பது போல, அந்த எண்களுக்கான இடம் மட்டும் இன்னும் தங்கியிருக்கிறது.

1983 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி. எக்ஸ்.டி. கணிப்பொறியில் 10 மெகாபைட் நிலைவட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 இல் எஃப்டிஸ்க் என்னும் நிரலும் இருந்தது. ஒரே வட்டை வெவ்வேறு இயக்க அமைப்புகள் பகிர்ந்துகொள்வதற்கே பிரிவுகள் தோன்றின. நான்கு வரிகள் அன்று தாராளம்! வட்டுகள் பெருத்தபின் அட்டவணை திணறிற்று. தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் அது ஒதுக்கியிருப்பது தலா 32 பிட். 512 பைட் செக்டர்களானால் ஏறத்தாழ 2.2 டெராபைட்டோடு கணக்கு முடிந்துவிடும். ஆகவே ஜி.பி.டி. எனப்படும் புதிய அட்டவணை வந்தது. இதில் எண்கள் 64 பிட். வழக்கமாக 128 வரிகள். வட்டின் தொடக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒரு நகலுமாக இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. பிழை நேர்ந்ததா என்று அறியச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பழைய நிரல்கள் ‘வட்டு காலி’ என்று ஏமாந்து அழித்துவிடாமலிருக்க, 0 ஆம் செக்டரில் ‘எல்லா இடமும் எடுக்கப்பட்டுவிட்டது’ என்று பழைய பாணியில் ஒரு வரியும் எழுதி வைப்பார்கள். நல்ல தந்திரந்தான்!

இனி லினக்ஸ் அமைப்பில் கட்டளை வரிக்கு வருவோம். முதலில் ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளையைத் தரவேண்டும். வட்டுகள், அவற்றின் பிரிவுகள், அளவுகள் எல்லாம் திரையில் வரும். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ போன்ற பெயர்கள் வட்டின் மேல் பொறிக்கப்பட்டவை அல்ல. கணிப்பொறி கண்டுகொண்ட வரிசையில் வைத்தவை. நேற்று ‘எஸ்டிபி’யாக இருந்தது இன்று ‘எஸ்டிஏ’ ஆகலாம். பெயரை நம்பாமல் அளவையும் வட்டின் மாதிரிப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்து எஃப்டிஸ்க். ‘பி’ என்றால் அட்டவணையைக் காட்டும், ‘என்’ புதுப் பிரிவை அமைக்கும், ‘டி’ நீக்கும். ஆனால் இவையெல்லாம் நினைவகத்தில் நடக்கும் ஒத்திகையே. ‘டபிள்யூ’ தந்தால்தான் வட்டில் எழுதப்படும். ‘கியூ’ தந்தால் ஒன்றும் எழுதாமல் வெளியேறலாம். பார்ட்டெட் என்னும் மற்றொரு நிரல் அப்படியல்ல. ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் நிறைவேற்றிவிடும். விண்டோஸின் டிஸ்க்பார்ட்டும் இவ்வகையே. புதிதாகப் பழகுவோருக்கு எஃப்டிஸ்கே ஏற்றது என்பது என் கருத்து.

வேலையைத் தொடங்குமுன் எஸ்எஃப்டிஸ்க் நிரலின் ‘டம்ப்’ விருப்பத்தைக் கொண்டு அட்டவணையை ஒரு சிறு கோப்பாக எடுத்து, வேறொரு வட்டில் வைத்துக்கொள்வது நல்லது. சில வரிகளே வரும், தாளில்கூட எழுதிக்கொள்ளலாம்.

தவறிப்போய் ஒரு பிரிவை நீக்கி ‘டபிள்யூ’வும் கொடுத்துவிட்டால்? பத்திரம்தான் கிழிந்தது, பயிர் அப்படியே நிற்கிறது. புதிதாக எதையும் அந்த வட்டில் எழுதாமல், முன்பிருந்த அதே தொடக்கச் செக்டரையும் அதே நீளத்தையும் கொடுத்து பிரிவை மீண்டும் அமைத்தால் கோப்புகள் பழையபடி கிடைக்கும். அப்போது எஃப்டிஸ்க், ‘இங்கே பழைய கோப்பமைப்பின் அடையாளம் இருக்கிறது, அகற்றலாமா?’ என்று கேட்கக்கூடும். ‘வேண்டாம்’ என்றே சொல்லவேண்டும். எண்கள் தெரியாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்னும் நிரல் வட்டைத் துழாவி எல்லைகளைத் தேடித் தரும்.

உண்மையான ஆபத்து அடுத்த படியில்தான் இருக்கிறது. பிரிவைக் கோப்புகளுக்கு ஏற்றதாக்கும் ‘எம்கேஎஃப்எஸ்’ கட்டளை, பழைய கோப்புகளின் பட்டியல் இருந்த இடத்தில் புதியதை எழுதுகிறது. லினக்ஸில் பெரிதும் பயன்படும் ‘ஈஎக்ஸ்டி4’ வகையை எஸ்.எஸ்.டி. வட்டில் அமைக்கும்போது, ‘இந்த இடம் முழுவதும் இனி தேவையில்லை’ என்று வட்டுக்கே செய்தியும் போகும். அதன்பின் மீட்பது பெரும்பாலும் இயலாது.

அளவை மாற்றும்போதும் முறை பிறழக்கூடாது. பிரிவைச் சுருக்குவதானால் முதலில் உள்ளிருக்கும் கோப்பமைப்பைச் சுருக்கி, பிறகே அட்டவணையில் எல்லையைக் குறைக்கவேண்டும். விரிப்பதானால் எல்லை முதலில், கோப்பமைப்பு பிறகு.

பழைய கணிப்பொறியை விற்பவர்கள் பிரிவுகளை நீக்கிவிட்டு வட்டு காலி என்று கொடுத்துவிடுகிறார்கள். அட்டவணையில் 16 பைட் வரிகள் சில மட்டுமே அங்கே அழிந்திருக்கின்றன. வாங்கியவர் டெஸ்ட்டிஸ்கை ஓட்டினால் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்குத் தாள்களும் அவர் திரையில் வரக்கூடும்.