பழுதடைந்தது மின்வழங்கியே, கணினி அன்று

பழைய கணினி ஒன்று இயங்க மறுத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டதாகத் தீர்மானித்து, பழைய இரும்பு வாங்குவோரிடம் நிறைக்கு விற்றுவிடுவது எம்மிடையே வழமையாகிவிட்டது. ஆனால், பல சந்தர்ப்பங்களிற் பழுதடைவது கணினியின் மூளையோ நினைவகமோ அன்று. அவற்றுக்கு மின்சாரத்தை ஊட்டுகின்றதும், கடைகளில் 'பவர் சப்ளை' என்று அழைக்கப்படுவதுமான மின்வழங்கியே பழுதடைகின்றது. இந்த வேறுபாட்டை அறியாமையினால் இயந்திரத்துடன் சேர்ந்து அதனுள் இருக்கும் எழுத்தும் ஏடும் அழிந்து போகின்றன.

எமது நண்பர் ஒருவரின் தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். தமது ஊரின் குடும்பங்கள், குளங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள் பற்றி முதியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளை அவர் 1980களின் இறுதியில் வாங்கிய கணினி ஒன்றிலே ஆங்கிலத்திற் பதிந்து வைத்திருந்தார். அவர் காலமான பின்னர் அது அறையின் மூலையிற் கிடந்தது. பல ஆண்டுகளின் பின் நண்பர் செருகியை மாட்டி ஆளியைப் போட்டார். சில நிமிடங்களில் வெடியோசை கேட்டது. அறையெங்கும் புகை நாற்றம். கடையொன்றுக்குக் கொண்டுசென்றபோது, "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வியே பதிலாகக் கிடைத்தது.

அக்கணினி ஐ.பி.எம். நிறுவனத்தின் எக்ஸ்.ரி. வகையைப் பின்பற்றி வேறொரு நிறுவனம் தயாரித்தது. ஐ.பி.எம். தனது முதலாவது தனியாள் கணினியை 1981 ஆகஸ்ட் 12 ஆம் திகதி அறிமுகப்படுத்தியது. அதன் மின்வழங்கியின் வலு 63.5 வாற்று மாத்திரமே. வன்தட்டு பொருத்தப்பட்ட எக்ஸ்.ரி. 1983 இல் வெளிவந்தபோது அது 130 வாற்றாக உயர்ந்தது. 1984 இல் வந்த ஏ.ரி. வகையில் 192 வாற்றாயிற்று. இவற்றைப் பார்த்தே ஏனைய நிறுவனங்களும் கணினிகளைத் தயாரித்தமையால், இங்கு கூறப்படுபவை அக்காலத்து மேசைக் கணினிகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

வன்தட்டை மட்டும் கழற்றி இன்றைய கணினியிற் பூட்டிப் படித்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். எக்ஸ்.ரி. காலத்து வன்தட்டுகளில் அது இலகுவன்று. அத்தட்டில் எழுதவும் படிக்கவும் தேவையான கட்டுப்பாட்டுச் சுற்று தட்டிலே இல்லை. கணினியினுள் செருகப்பட்ட தனியான அட்டையிலே உள்ளது. ஓர் அட்டை எழுதியதை மற்றொரு வகை அட்டை படிக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இன்றைய கணினிகளிலோ அத்தட்டைப் பூட்டுவதற்கு இடமே கிடையாது. எனவே, தட்டில் உள்ளதை மீட்க வேண்டுமாயின் அதே அட்டையுடன் அதே கணினியை மீண்டும் எழுப்புவதே நேரான வழியாகும்.

மின்வழங்கியின் பணி என்ன? சுவர்க் குதையிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை அது முதலில் ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக்குகின்றது. பின்னர் அதனை மிக வேகமாக வெட்டி, சிறிய மாற்றி ஒன்றினூடாகச் செலுத்தி, கணினிக்குத் தேவையான 5, 12 வோல்ற்றுகளையும் அவற்றின் மறைப் பெறுமானங்களையும் தருகின்றது. இதில் முதுமையடைபவை பெரும்பாலும் கொள்ளளவிகளே. மின்பகு கொள்ளளவிகளின் உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றுகின்றது. வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. எமது நாட்டின் வெப்பத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிப்பதற்கு வைக்கப்பட்ட கடதாசிக் கொள்ளளவிகளின் மேலுறை காலப்போக்கில் வெடித்து ஈரத்தை உறிஞ்சுகின்றது. நெடுங்காலம் உறங்கிய கணினிக்குத் திடீரென மின்சாரம் கொடுக்கும்போது வெடித்துப் புகைப்பவை பெரும்பாலும் இவையே. நண்பருக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே முதல் விதி, பழைய கணினியை ஆவலினால் உடனே இயக்கிப் பார்க்காதிருப்பதாகும். இரண்டாவது விதி, பின்புறத்தில் 115, 230 எனத் தெரிவு செய்யும் சிற்றாளி இருப்பின் அது 230 இல் உள்ளதா என்று பார்ப்பதாகும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கணினியாயின் இது மிக முக்கியமானது.

மின்வழங்கி இயங்கவில்லை என்பதற்காக அதுவே குற்றவாளி என்று முடிவுகட்டவும் கூடாது. வெளியே எங்காவது குறுஞ்சுற்று ஏற்பட்டால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. தாய்ப்பலகையிலும் அட்டைகளிலும் உள்ள, மழைத்துளி வடிவிலான சிறிய தந்தலம் கொள்ளளவிகள் முதுமையிற் குறுஞ்சுற்றாவது வழமை. அப்போது மின்வழங்கி ஒரு கணம் உயிர்த்து உடனே அடங்கிவிடும். புதிய மின்வழங்கியைப் பூட்டினாலும் அதே நிலைதான். அட்டைகளையும் வன்தட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதனை நீக்கும்போது மின்வழங்கி உயிர்க்கின்றது என்பது புலப்படும். மாறாக, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டுச் சோதிப்பதும் தவறாகிவிடலாம். சுமை எதுவுமின்றி இயங்காத மின்வழங்கிகள் அக்காலத்திற் பல இருந்தன.

மின்வழங்கியே பழுது என்பது உறுதியானால் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பழுதான கொள்ளளவிகளையும் உருகியையும் மாற்றி அதனையே சீர்செய்தல். இரண்டாவது, அதே வகையான பழைய மின்வழங்கி ஒன்றைத் தேடிப் பூட்டுதல். அதுவும் அதே வயதினது என்பதால் பூட்டுவதற்கு முன் சோதிப்பது அவசியம். மூன்றாவது, 1995 இல் இன்ரெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். முறையிலான இன்றைய மின்வழங்கியை இடைத்தொடுப்பின் உதவியுடன் பயன்படுத்துதல்.

மூன்றாவது வழி மலிவானது. ஆயினும் அதில் இடறும் இடங்கள் உண்டு. இன்றைய மின்வழங்கிகள் மறை 5 வோல்ற்றைத் தருவதில்லை. 1981 ஆம் ஆண்டின் முதற் கணினிகளில் இருந்த 16 கிலோபிற்று நினைவகச் சில்லுகளுக்கு அது இன்றியமையாதது. அது இல்லாமல் ஏனைய அழுத்தங்களைக் கொடுத்தால் அச்சில்லுகளே கெட்டுவிடலாம். எக்ஸ்.ரி. கணினியில் அத்தேவை குறைவெனினும் சில அட்டைகள் அதனை நாடக்கூடும். மறை 12 வோல்ற்றிலிருந்து சிறிய சீராக்கி ஒன்றின் மூலம் அதனைப் பெறலாம். வயர்களின் நிறத்தை நம்புவதும் ஆபத்தானது. பழைய முறையிற் செம்மஞ்சள் வயர் பொதுவாக மின்வழங்கி ஆயத்தம் என்று அறிவிக்கும் சமிக்ஞையைக் கொண்டது; புதிய முறையிலோ அதே நிறம் 3.3 வோல்ற்றுக்குரியது.

தாய்ப்பலகைக்குச் செல்லும் இணைப்பிகள் பழைய கணினிகளில் இரண்டு. அவற்றைப் பக்கம் பக்கமாகச் செருகும்போது இரண்டினதும் கறுப்பு வயர்கள் நடுவிலே ஒன்றுசேர வேண்டும். இடம் மாறினால் தாய்ப்பலகையே எரிந்துபோகலாம். நாற்பதாண்டுகள் தாக்குப்பிடித்த இயந்திரத்தைக் கொல்வதற்கு ஒரு கணமே போதுமானது.

மின்வழங்கியின் பெட்டியைத் திறப்பது பயிற்சியுள்ளவருக்கு மட்டுமே உரிய வேலை என்பதையும் அழுத்திக் கூறவேண்டும். செருகியைக் கழற்றிய பின்னரும் அதனுள்ளே உயிராபத்தை விளைவிக்கக்கூடிய அழுத்தம் தங்கியிருக்கலாம். முன்புற ஆளியுடைய பிற்காலக் கணினிகளில் அவ்வாளிக்குச் செல்லும் வயர்களிலும் சுவர் மின்சாரமே ஓடுகின்றது. இளைஞர்கள் ஆர்வத்தினால் இதிற் கைவைக்கலாகாது.

நண்பரின் கணினியை இறுதியிற் பார்த்தவர் வானொலி திருத்துவதையே தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவர். வெடித்த கொள்ளளவியையும் உருகியையும் அவர் மாற்றினார். அப்போதும் கணினி எழவில்லை. தாய்ப்பலகையிற் குறுஞ்சுற்றாகியிருந்த தந்தலம் கொள்ளளவி ஒன்றை மல்ரிமீற்றர் கொண்டு கண்டுபிடித்து நீக்கிய பின்னரே திரையில் எழுத்துத் தோன்றியது. புதிய மின்வழங்கியை வாங்கிப் பூட்டியிருந்தால் பணமும் நம்பிக்கையும் சேர்ந்தே போயிருக்கும். வன்தட்டிலிருந்த கோப்புகளுட் சில படிக்க முடியாத நிலையில் இருந்தன. எஞ்சியவற்றை அன்றே வேறு கணினிக்குப் பிரதி செய்தார்கள். தந்தையார் பேட்டி கண்ட முதியவர்களுள் எவரும் இன்று உயிருடன் இல்லை.

பாடசாலைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், கோயில், பள்ளிவாசல் நிருவாக சபைகளிலும், அச்சகங்களிலும் இத்தகைய கணினிகள் தூசு படிந்து கிடக்கக்கூடும். காந்தப் பதிவுகளும் காலத்தால் மங்குபவையே. கொள்ளளவியை அடையாளங்கண்டு மாற்றத் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. எனவே, அக்கணினிகளை இரும்புக்கு விற்பதற்கு முன்னர் அவற்றினுள் என்ன இருக்கின்றது என்று ஒருமுறை விசாரிப்போம். அதன் பின்னர் ஆளியைப் போடாமல், அறிந்த ஒருவரிடம் எடுத்துச் செல்வோம். மலிவான ஓர் உதிரிப்பாகம் பழுதடைந்தது என்பதற்காக ஓர் ஊரின் நினைவைக் கைவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.