உயிரியல் இருக்குதுங்களா?

வெள்ளைச் சீருடை: பகுதி 6

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் கோவையில் எந்த நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"ஏனுங்க, எம் பொண்ணு ஐநூத்தி அறுபதுங்க. பி.எஸ்சி. நர்சிங்ல சேத்திக்குவீங்களா?"

"என்ன குரூப்புங்க?"

"கம்ப்யூட்டர் சயின்ஸுங்க."

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். 600க்கு 560 எடுத்த பெண்ணால் விண்ணப்பமே போட முடியாது. அதே பள்ளியில் 350 எடுத்து, உயிரியல் படித்த பிள்ளை போடலாம். அப்பாவுக்கு இது அநியாயமாகத்தான் படும். எனக்கு அநியாயமாகப் படுவது வேறு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் ஒன் சேர்க்கும்போது, யாரும் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி சுருக்கமானது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து 45 சதவீதம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி. சேரும் வருஷம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் படித்திருந்தாலும் சரிதான். கணக்கு வேண்டியதில்லை. அந்த 45 சதவீதம் அறிவியல் பாடங்களில் மட்டும் பார்ப்பது. தமிழில் எடுத்த 98 இங்கே கைகொடுக்காது.

நம்ம பக்கத்தில் இது ஏன் இவ்வளவு பேரை இடறுகிறது? பம்ப்செட், மோட்டார், மில் இயந்திரம் என்று வளர்ந்த ஊர். பிள்ளை என்றால் இன்ஜினியரிங், இப்போது சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி. பிளஸ் ஒன் சேர்க்கையில் அப்பா அம்மா கை நீட்டும் முதல் குரூப் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்ததுதான். நர்சிங் என்ற யோசனை வருவதோ ரிசல்ட் வந்த பிறகு. சித்தப்பா மகள் ஜெர்மனி போய்விட்டாள் என்று சேதி வரும்போதும், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகும் வரும். பதினைந்து வயதில் குறித்த நாலு பாடம் அதற்குள் வேலையை முடித்திருக்கும். எதிலும் உறுதி இல்லாத பிள்ளைக்கு என்னைக் கேட்டால் பயோ-மேத்ஸ் என்பேன். பாரம் கூடுதல்தான், ஆனால் இன்ஜினியரிங், நர்சிங் இரண்டுக்கும் வழி இருக்கும்.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2021இல் வந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும் வந்துவிடும். எலும்பின் பெயர்களையே முதல்முறை கேட்கும் பிள்ளை அங்கே திணறிப்போகும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் செமஸ்டரில் நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. அதில் நம் 560 பெண் முதல் மார்க் வாங்கியிருப்பாள்.

அவளுக்குச் சுற்றுவழி ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் பார்த்த ஜி.என்.எம். பட்டயப் படிப்புக்குக் கவுன்சில் விதிப்படி எந்தக் குரூப்பானாலும் 40 சதவீதம் போதும், அறிவியலுக்கு முன்னுரிமை. சேரும் இடத்தின் விளக்கக் குறிப்பேட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று வருஷப் பட்டயம், கவுன்சில் பதிவு, அதற்குப் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம். நாலு வருஷத்தில் முடிய வேண்டியது ஐந்தாகும், அவ்வளவுதான்.

இனி, 45 சதவீதம் இருந்தால் சீட் கிடைத்துவிடும் என்ற நினைப்பு. அது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டும்தான். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவத் தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்து, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கவுன்சிலிங் நடத்தி நிரப்புகிறது. நீட் கிடையாது. இதைக் கேட்டால் பாதிப் பெற்றோர் நம்புவதில்லை. நீட் மார்க் கேட்பது ராணுவ நர்சிங் கல்லூரிகளும் புதுச்சேரி ஜிப்மரும். எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. 1947ஆம் வருஷத்துக் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. நாடு முழுக்கச் சேர்க்கை ஒரே முறையில் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆகவே இன்று எட்டாவது படிக்கும் பிள்ளைக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று நான் எழுதித் தர மாட்டேன்.

அரசுக் கல்லூரி இடங்கள் குறைவு. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் உண்டு. கோவையில் பி.எஸ்.ஜி., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச். என்று மருத்துவமனையோடு சேர்ந்த தனியார் கல்லூரிகள் நிறைய. நிர்வாக ஒதுக்கீட்டில் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். கேரளப் பெற்றோர் விசாரிக்கும் விதத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். நாம் கட்டடத்தையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் பார்க்கிறோம். அவர்கள் சொந்த மருத்துவமனை எது, படுக்கை எத்தனை என்று கேட்கிறார்கள். குறைந்தது 100 படுக்கை உள்ள தாய் மருத்துவமனை வேண்டும் என்பது கவுன்சில் விதி. நோயாளி இல்லாத வார்டில் நாலு வருஷம் நின்று என்ன கற்பது? எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இரண்டையும் அவரவர் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். "பெங்களூரில் இடம் இருக்கு, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க" என்று வரும் புரோக்கரிடம் ஒரு ஜெராக்ஸ்கூடக் கொடுக்க வேண்டாம்.

உடல்தகுதி விதியில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் காலில் 40 முதல் 50 சதவீதம் இயக்கக் குறைபாடு உள்ளவர்களைத்தான் கவுன்சில் கணக்கில் எடுத்தது. கை முக்கியம் என்பது புரிகிறது. ஆனால் காது சற்று மந்தமான, மற்றபடி கெட்டிக்காரப் பிள்ளையை எந்தக் கணக்கில் விடுவது?

பிறகு சான்றிதழ்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவைதான். ரிசல்ட்டுக்குப் பிறகு ஊரே அங்கே நிற்கும், ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். அதை 2024 ஆகஸ்டில் நம்ம கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். பையன்களும் நர்சிங் படிக்கலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு அதுவே பதில்: தாராளமாக.

கடைசியாக, மார்க் ஷீட்டைக் கையில் எடுத்து இனிஷியலைப் பாருங்கள். பத்தாவதில் முன்னால், ஆதாரில் பின்னால், மாற்றுச் சான்றிதழில் இரண்டு எழுத்து என்று இருக்கும். பிளஸ் டூவில் உள்ள பெயர்தான் பட்டத்துக்குப் போகும், அங்கிருந்து நர்சிங் கவுன்சில் பதிவுக்குப் போகும். லண்டனிலோ ரியாத்திலோ வேலைக்கு எழுதிப் போடும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு அதை வைத்துப் பார்ப்பார்கள். பள்ளி அலுவலகத்தில் இப்போது ஒரு மனு எழுதினால் தொடங்கும் திருத்தத்துக்கு, அப்போது கெஜட் வரை போக வேண்டியிருக்கும்.

(தொடரும்)